மருந்தடிப்பவனும் மருந்து கொடுப்பவரும்

உக்குவளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பூச்சிகொல்லிக்கு வழங்கும் பெயர் ‘மருந்து’. மருந்தடிப்பவன் தலைச்சுற்றென்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் அங்கும் அவனுக்குக் கிடைப்பது மருந்துதான். இவ்விரண்டுக்கும் இடையே வைத்தியர் அவனிடம் கேட்கவேண்டியது என்ன?

‘உன் தொழில் யாது?’ என்று கேட்கும்படி 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸீனி எழுதிவைத்தார். அழியாது நிலைக்கும் நஞ்சுகளின் விஷயத்தில் அந்தக் கேள்வியும் போதாது. டி.டி.ரி., டீல்ட்ரின் போன்றவை மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பவை. உடலின் கொழுப்பிலே தங்கி, கருவிலும் தாய்ப்பாலிலும் அடுத்த தலைமுறைக்குச் செல்பவை. எந்த லயத்தில் பிறந்தாய், உன் தாய் எந்த மலையில் வேலை செய்தாள் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

1946 முதல் நம் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். அந்த நன்மையை மறுப்பது நன்றிகேடு. டீல்ட்ரினின் கதை வேறு. தேயிலைக் கிளைகளைக் குடையும் சிறுவண்டை ஒழிக்க அதனைத் தெளித்தார்கள். அது, இலைசுருட்டும் புழுவை அடக்குவதற்கென 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குளவியையும் கொன்றது, புழு பெருகிற்று. விளைச்சல் குன்றவே ஆராய்ச்சியாளர் துருவிப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிந்தனர். குளவியின் மரணத்திற்கு இவ்வளவு விசாரணை! தெளித்தவனின் உடலை யார் விசாரிப்பது? 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை டீல்ட்ரினை விலக்கிற்று. 2005இல் இலங்கையும் அதில் இணைந்தது. மண்ணும் உடலும் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதில்லை.

இங்கே நேர்மையான மறுப்பொன்று எழும். உடலிற் சேர்ந்த இந்நஞ்சைக் கழுவியெடுக்கும் மருந்து வைத்தியரிடம் இல்லை. தீர்க்கவியலாததைச் சொல்லிப் பாலூட்டும் தாயின் நிம்மதியைக் குலைப்பது அறமா? இம்மறுப்பை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் அரைகுறையாகக் கற்றவரே அவளை அச்சுறுத்துவார், அல்லது மௌனம் சாதிப்பார். முறையாகக் கற்றவர், தாய்ப்பாலின் நன்மை அந்த ஆபத்தினும் பெரிது, நிறுத்தாதே என்பார். பின்னர், மருந்தடித்த சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்கிறாயா, வெறும் மருந்துக் கானில் தண்ணீர் பிடிக்கிறாயா என்று வினவுவார். இவை இன்றே நிறுத்தக் கூடியவை.

ஒருவரின் துண்டில் எழுதிய குறிப்பு அவருடைய நோய். ஒரே லயத்தைச் சேர்ந்த இருபது துண்டுகளிலோ அது நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய கேள்வியாகிவிடும். கேரளத்துக் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்கள்மீது ஆகாயத்திலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்ட பகுதியில், தம்மிடம் வந்த விசித்திர நோய்களை இவ்வாறு ஒன்றுசேர்த்து நோக்கியவர் மோகன்குமார் என்ற கிராம வைத்தியர். அங்கே அத்தெளிப்பு 2000இல் நின்றது. 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்நஞ்சை நாடெங்கும் தடைசெய்தது.

பேராதனையில் மருத்துவம் பயில்வோருக்கு இதனைக் கற்பித்தல் அவசியமே. எனினும் லயத்துப் பெண் முதலில் வாய்திறப்பது பட்டம் பெற்ற வைத்தியரிடமன்று, வீடுதேடி வரும் மருத்துவிச்சியிடம். பயிற்சி அவளிலிருந்து தொடங்கட்டும். அவள் கையிலுள்ள வினாத்தாள் தமிழில் இருக்கவேண்டும்; ‘மருந்து’ என்ற சொல்லுக்கு எதிரே, அந்தப் போத்தலின் பெயரை எழுத ஓரிடமும் வேண்டும்.