எத்தனை வருஷம் இருந்தால்

"சேர், இது எத்தனை வருஷம் இருந்தா இந்த ஊர் மரமாகும்?"

கேட்டவளுக்கு 11 வயதிருக்கும். கையில் நான் பிடுங்கச் சொன்ன கன்று. ஆணிவேரின் நுனியில் ஒரு மண்ணுருண்டை, விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் உடவத்தகெலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். சம்பளமில்லாத வேலை. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறக்குறைய 100 ஹெக்டேயர் காடு. 1938 முதல் சரணாலயம். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறுவோம். காவல்காரரின் அனுமதியோடு பெரு பால்சம் கன்றுகளைப் பிடுங்குவோம். தாய்மரத்தடியில் கீரைப்பாத்தி மாதிரி அதன் குட்டிகள்தான் நிற்கும். வேறொன்றுக்கும் வெளிச்சம் கிடைக்காது. "வெளிநாட்டு மரம், பிடுங்குங்க" என்பேன். ஒருநாளும் நாக்குத் தடுக்கியதில்லை.

அன்று, "மரத்துக்கு அப்படிக் கணக்கில்லை மகள்" என்று சொல்லி நடந்துவிட்டேன். அந்த மண்ணுருண்டைதான் வீடுவரை வந்தது.

பெரு என்பதே தப்பான பெயர் என்று எங்கோ படித்திருக்கிறேன். மரத்தின் ஊர் மத்திய அமெரிக்கா. அதன் பிசின் பெருவின் துறைமுகத்தில் கப்பலேறியதால் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதாம். என் தாத்தாவையும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் 'தொண்டிக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பிறந்தது தொண்டியில் அல்ல, அங்கே தோணி ஏறினார், அவ்வளவுதான். அவர் கொழுந்துக்கூடை பார்த்த தேயிலையும் வந்ததுதான். 1867இல் இதே கண்டி மலைகளில், லூல்கந்துரவில், டெய்லர் என்றொருவர் தோட்டமாக நட்டார். அதை யாரும் பிடுங்கச் சொல்வதில்லை.

இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து மக்களுக்கு 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு போட்டார்கள். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தைக்கு 'அங்கே' விழுந்தது. புறப்பட்ட அன்று வாசல் கறிவேப்பிலையின் பக்கக்கன்று ஒன்றை வேர்மண்ணோடு தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் முகாமில் வாடியதோ, கோத்தகிரியில் தழைத்ததோ. பிறகு ஒரு கடிதம் வந்தது. குளிர், கூலி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதியிருந்தார். கன்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

மரம் வேறு, மனுஷர் வேறு என்று எனக்கு நானே புத்தி சொல்லிக்கொள்கிறேன். பால்சத்தைச் சும்மா விட்டால் அது நிற்கிற இடமெல்லாம் பால்சம்தான் மிஞ்சும். பிடுங்குவதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஒற்றைச் சொல்தான் தொண்டையில் நிற்கிறது. வேரில் ஒட்டியிருந்தது உடவத்தகெலை மண்தானே?

போன சனிக்கிழமை சொல்லை மாற்றிப் பார்த்தேன். "இது வெளிச்சத்தை அடைக்கிற மரம், பிடுங்குங்க."

"வெளிநாட்டு மரம்தானே சேர்?" என்றான் ஒரு பையன். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானாகவே இருக்கலாம்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்றா, எனக்கே நிச்சயமில்லை.