யார் கணக்கில் எழுதுவது?

குளிர் ஆரம்பித்தால் பார்சிப்பனியில் எங்கள் வீட்டு கராஜுக்குள் சுண்டெலி வந்துவிடும். பிள்ளையாரின் வாகனமாயிற்றே! கொல்லாமல் பிடிக்கும் கூண்டு வைத்து, மாட்டியதை மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிட்டு வருவேன். பாவம் சேரவில்லை என்ற நிம்மதி. அதைக் கலைத்தது ஒரு தீவு.

சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வானம் தெளிந்த ஒரு நாள், கடலில் பல் பல்லாய்த் தெரிந்த பாறைகளைக் காட்டினாள். ஃபாரலோன் தீவுகள், கரையிலிருந்து ஏறத்தாழ 30 மைல். 1909-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவற்றில் சிலவற்றைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். பெரிய தீவு 1969-ல் சேர்ந்தது. பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. தங்கவேட்டைக் காலத்தில் அங்கே பறவை முட்டைகளை அள்ளி நகரத்தில் விற்றார்கள். அந்த வியாபாரத்துக்காக 1863-ல் துப்பாக்கிச் சண்டையே நடந்ததாம்.

முட்டைக்காரர்கள் போய்விட்டார்கள். கப்பலில் வந்த சுண்டெலி போகவில்லை. இலையுதிர் காலத்தில் எலிகள் பெருகியிருக்கும்போது, வழியில் இறங்கும் ஆந்தைகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் எலிகள் குறைந்ததும், ஆஷி ஸ்டார்ம் பெட்ரல் என்ற சாம்பல் நிறச் சிறு கடற்பறவையைத் தின்கின்றன. உலகிலுள்ள அந்த இனத்தில் ஏறக்குறைய பாதி இங்கேதான் குஞ்சு பொரிக்கிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை. ஹெலிகாப்டரிலிருந்து விஷம் தூவி எலிகளை அடியோடு ஒழிக்க மத்திய அரசின் வனவிலங்குத் துறை திட்டமிட்டது. 2021 டிசம்பரில் கலிபோர்னியா கடற்கரை ஆணையம் சம்மதித்தது. அந்த விஷம் உடனே கொல்லாது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, சில நாட்களில் சாவு. அந்த எலியைத் தின்னும் கடற்காகத்துக்கும் ஆபத்து.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எலி என்ன தப்பு செய்தது? ஆனால் பெட்ரலைக் கொல்வது ஆந்தை; ஆந்தையைத் தங்க வைப்பது எலி; எலியைக் கொண்டுபோய் இறக்கியது மனிதன். சும்மா இருந்தாலும் அங்கே சாவு நடக்கிறது, நம் கணக்கில். தெற்கே அனகாபா தீவில் 2001, 2002-ல் இப்படி எலிகளை ஒழித்தபின் கடற்பறவைகள் மறுபடி பெருகின. கடற்காகங்களை விரட்டி வைக்கும் ஏற்பாடு சரியாக இருந்தால், ஒழிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதைப் புண்ணியம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் கோவிலில் பார்க்கும்போது தாராளமாகச் சண்டை போடலாம்.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஜனவரிக் குளிர்ல நீங்க கொண்டுபோய் விடற எலி மறுநாள் உயிரோட இருக்கும்னு யார் சொன்னா?" என்றாள். பதில் தெரியவில்லை. இந்த வருஷம் கூண்டு வைப்பதற்கு முன்னால், கராஜ் கதவின் அடியில் இருக்கும் இடுக்கை அடைத்துவிட்டேன்.