வடுவும் பெயரும்



தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொண்டு, பின்னர் அதனின்றும் மீண்ட ஒருவரை நாம் எப்பெயரால் அழைப்பது? தாராவியிலும் செம்பூரிலும் நம் இளைஞர் சிலர் இக்கேள்வியை வாய்திறவாமலே கேட்டுக்கொண்டிருக்கின்றனர். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிவோர் நம்மிடையே உளர். பத்துக்குப் பத்து அறையில், அடுத்த வீட்டுப் பேச்சு நம் வீட்டுப் பேச்சாகக் கேட்கும் இடத்தில், ஒருவர் துன்பம் மறைந்து நிற்பதேது? குழாயடியில் அதுவே அவருக்குப் பெயராகிவிடுகிறது. ஆண்டுகள் பல கழிந்து அவர் நலமுற்ற பின்னும், அப்பெயர் மட்டும் கழிவதில்லை.

இதற்கு விடை நம் ஆசானின் வரலாற்றிலேயே உளது. சித்தார்த்தர் அரண்மனை நீங்கியதை நம் குழந்தைகளும் சொல்லுவர். உருவேலாவில் நடந்ததை மட்டும் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மூச்சை அடக்கினார். உணவைக் குறைத்துக் குறைத்து, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டும் நிலையை எய்தினார். உடலைத் தடவ, மயிர் வேரோடு உதிர்ந்தது. மஜ்ஜிம நிகாயத்து மகாசச்சக சூத்திரத்தில் இவற்றை அவரே உரைக்கின்றார். ஒளிக்கவுமில்லை, பெருமை பாராட்டவுமில்லை. அவர் நோக்கம் வேறு, நம் பிள்ளைகளின் மனவேதனை வேறுதான். ஆயினும், உடலைப் பகையாக எண்ணி அதனை வருத்தியது இரண்டிலும் ஒன்றே.

அவர் மீண்டது எங்ஙனம் என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். சிறுவயதில், தந்தையார் தம் பணியில் ஈடுபட்டிருக்க, நாவல் மரத்துக் குளிர்நிழலில் தாம் அமைதியாக அமர்ந்திருந்த ஒரு பொழுது அவர் நினைவுக்கு வந்தது. தீமையொன்றும் கலவாத அந்த இன்பத்திற்கு நான் ஏன் அஞ்சவேண்டும் என்று தம்மையே வினவினார். இத்துணை மெலிந்த உடலோடு அவ்வமைதியை எய்துதல் அரிது என்று உணர்ந்து, சோறு உண்டார். முதலில் உணவு, பின்னரே தியானம். நம் உபாசகர் சிலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, உண்ணாமலும் உறங்காமலும் தவிக்கும் பிள்ளையைத் தியானத்தில் அமர் என்று பணிப்பது எனக்கு உடன்பாடன்று.

அவர் உண்டதைக் கண்ட ஐவர் என் செய்தனர்? சுகபோகத்திற்குத் திரும்பிவிட்டான் என்று வெறுத்து அகன்றனர். வருந்தும் சித்தார்த்தரையே அவர்கள் அறிந்திருந்தனர். நலமடைந்தவரை அவர்களால் அடையாளம் காண இயலவில்லை. பின்னர் இசிபதனத்தில் அவர் வரக்கண்டபோது, எழுந்து வணங்கலாகாது என்று தமக்குள் பேசிக்கொண்டனர். அருகில் வந்ததும் அவ்வுறுதி நிலைக்கவில்லை. ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் இருக்கை இட்டார். எனினும் பழைய பெயரைச் சொல்லி, 'ஆவுசோ' என்றே விளித்தனர். அங்ஙனம் அழையாதீர் என்று பகவன் தடுத்தார். அதன் பின்னரே, தன்னைத் தான் வருத்துதல் துன்பமும் பயனின்மையும் ஆம் என்று தம் முதற் பேருரையில் எடுத்தோதினார். பட்டவர் சொன்ன சொல் அது.

சீஹா தேரியையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஏழாண்டுகள் மனம் அடங்காது அலைந்து, மெலிந்து வெளிறி, உயிரையே விடத் துணிந்தவர் அவர். சாகவில்லை, மனம் விடுதலை பெற்றது. அவ்விறுதிக் கணத்தை வியப்பதில் பொருளில்லை. அதன் பின் அவர் வாழ்ந்தார் என்பதே நமக்கு வேண்டுவது. அவர் தம் வாயால் கூறிய அவ்வரலாறு தேரிகாதையில் ஐந்து பாடல்களாக நிற்கிறது. சங்கம் அதனை நீக்கவில்லை. அதன் பொருட்டு அவரைத் தாழ்த்தவுமில்லை. தேரி என்பதே அவர் பெயர்.

பிறர் சூட்டிய பெயரின் சுமையை நம்மைவிட அறிந்தார் யார்? அப்பெயரை மறுத்தே அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேபுடன் இலட்சக்கணக்கானோர் பழைய அடையாளத்தைக் களைந்தனர். பஞ்சாலை நின்றபோது எனக்கிருந்த 'மில்காரர்' என்ற பெயரும் நின்றது, நான் நிற்கவில்லை. இத்தகைய நாம், ஒரு பெண்ணின் கையிலுள்ள வடுவை அவளுக்குப் பெயராக்குவதோ? முதற் சீலத்தை முறித்தவள் என்று பழிப்போரும் உளர். துன்புற்றவரைத் துன்புறுத்துதல் எந்தச் சீலத்தில் உள்ளது?

போலீசுக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்லாத குடும்பங்களுக்கு ஒரு சொல். உடலைக் காயப்படுத்துவோர் அனைவரும் சாக விரும்புவோர் அல்லர். சாக முயன்றவரைத் தண்டித்த 309ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. சயான் மருத்துவமனையிலும் பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். மீண்டவர் மறுபடியும் தளர்வதுண்டு; அப்போதும், "இத்தனை நாள் வந்தனை செய்தும் இதுதானா?" என்று கேளாதீர்கள். உடன் சென்று, மருத்துவர் அழைக்கும் வரை அந்த வரிசையில் அவரோடு உட்கார்ந்திருங்கள்.