கருவி பழுதானால் உறவும் பழுதாகுமா?

செம்பூரில் நடைபெற்ற சத்சங்கம் முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், அம்மையார் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். ஈராண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். காயம் ஆறிவிட்டது. ஆயினும், சாந்தமே உருவாக இருந்தவர் இன்று சிறு ஓசைக்கும் சீறுகிறார். நண்பர்கள் வருவதில்லை. உறவினரோ, "எல்லாம் பூர்வ கர்மம்" என்று கூறி ஒதுங்கிவிட்டனர்.

"சுவாமிஜி, அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் நான் மணந்தவர் எங்கே போனார்?" என்று கேட்டுக் கண்ணீர் உகுத்தார்.

அன்பர்களே, நாம் கற்ற வேதாந்தத்துக்கே இக்கேள்வி ஒரு சோதனை அன்றோ!

பொறுமைக்கும் அடக்கத்துக்கும் துணைநிற்பது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. அது அடிபட்டால் எழுகின்ற சினத்துக்குக் கடிவாளம் இராது. களைப்பும் மறதியும் மிகும். காயம் கண்ணுக்குத் தெரியாததால் உலகம் அதனைக் குணக்கேடு என்று எண்ணிவிடுகிறது. மனம், புத்தி ஆகியவற்றை அந்தக்கரணம், அதாவது அகக்கருவி என்றே நம் சாஸ்திரங்கள் கூறுகின்றன. கருவி பழுதுற்றாலும் அதற்கு ஒளி தரும் ஆத்மா பழுதுறுவதில்லை.

இதைச் சொல்வது எளிது, வாழ்வது அரிது. ஆயினும் இதே மும்பையில் வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. பரேலிலுள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டார். கழுத்து இறுக்கப்பட்டதால் மூளைக்குப் பிராணவாயு தடைபட்டது. அதன்பின், 2015 மே மாதம் மறையும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார். சக செவிலியர் அவருக்கு உணவூட்டினர், நீராட்டினர், படுக்கைப் புண் வராமல் காத்தனர். நன்றி கூறவோ, பெயர் சொல்லி அழைக்கவோ அவரால் இயலவில்லை. பின்னாளில் பணிக்கு வந்தவர்கள், நலமாயிருந்த அருணாவைக் கண்டவர்களே அல்லர். 2011இல் உச்சநீதிமன்றம், அவருடைய நெருங்கிய நண்பர் என்ற நிலையை அம்மருத்துவமனைப் பணியாளருக்கே அளித்தது. கைம்மாறு கருதாத அன்பை நட்பு என்று சட்டமும் ஏற்றது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் முறைவைத்தே பணி செய்தனர். எவரும் தனியொருவராய் அச்சுமையைத் தாங்கவில்லை. நம் சகோதரியோ தனியே தாங்குகிறார்.

அவரிடம் நான் கூறியது இதுதான்: "அம்மா, உங்கள் இழப்பு உண்மையானது, அழுவதில் தவறில்லை. அவருடைய சினம் உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. அது காயத்தின் குரல். ஆயினும் அடியையும் வசையையும் மௌனமாக ஏற்பது தர்மமாகாது. சினம் மூளும்போது விலகி நில்லுங்கள். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உதவி கேட்க நாணாதீர்கள்."

உங்களிடம் கூறுவதோ வேறு. கர்மக் கொள்கை நம்மை நாமே ஆராய்வதற்கு உரியது. பிறர் துயரினின்று நழுவுவதற்கு அன்று. அடுத்த வீட்டில் ஒருவர் துன்புறும்போது, நாம் செய்ய வேண்டிய கர்மம் அக்கதவைத் தட்டுவதே. கூட்டமாகச் செல்லாதீர்கள், ஓரிருவராகச் செல்லுங்கள். மெல்லப் பேசுங்கள், சிறிது நேரம் இருங்கள். அவர் உங்களை மறந்திருந்தால் மீண்டும் பெயரைச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை அவரருகே நீங்கள் அமர்ந்தால், அந்த அம்மையார் கோயிலுக்குச் சென்று வருவார்.

அவர் மறந்தாலும் நாம் மறவாதிருப்போம். அதுவே பகவானுக்குச் செய்யும் பூஜை.