வருமுன் வந்த பேச்சு

பொருள் வந்து சேருமுன் அதைப் பற்றிய பேச்சு வந்துவிடுவதும், அந்தப் பேச்சை முதலில் சொன்னவர் இன்னாரென்று எவராலும் சுட்ட முடியாதிருப்பதும், புதிய கைப்பேசியொன்றை நிறுவனம் மேடையேற்றும் நாளுக்காக உலகம் காத்திருக்கும் இக்காலத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அத்தகைய பேச்சைக் கேட்டவனிடம் உண்டாவது அறிவா, அறிவின் போலியா, இரண்டிலும் அடங்காத வேறொரு மனநிலையா என்னும் கேள்விக்கு மணிமேகலையின் இருபத்தேழாம் காதையிலேயே இடமுண்டு. அங்கே வைதிகவாதி தன் சமயம் ஏற்கும் அளவைகளை, அதாவது ஒன்றை உண்மையென அறிவதற்குரிய வழிகளை, பத்தாக எண்ணுகிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம். சொன்னவர் பெயர் மறைந்து, உலகோர் வாய்மொழியில் மட்டும் நிலைத்திருக்கும் செய்தி ஐதிகம் எனப்படும். அதற்கு அவன் காட்டும் உதாரணம் ஒரு மரத்தில் பேய் குடியிருக்கிறது என்னும் ஊர்ப்பேச்சு. வடமொழித் தருக்க நூல்களில் அதே இடத்தில் ஆலமரத்து யட்சன் வருகிறான். உதாரணத்தைத் தேர்ந்தவர்கள் சற்று நகைப்புணர்வு உடையவர்களாகவே இருந்திருக்க வேண்டும். பேயைக் கண்டவர் ஒருவரும் இல்லை, இருட்டிய பின் அம்மரத்தடியில் படுப்பவரும் ஒருவரும் இல்லை என்னும் இரட்டை நிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐதிகத்தையும் பிறவற்றையும் எண்ணிக் காட்டிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கிறார். காண்டல் என்பது புலனால் நேரே அறிதல், கருதல் என்பது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்தல், உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிதல். ஐதிகம் மூன்றாவதில் அடங்குவதாகத் தோன்றினாலும், அங்கே அதற்கு உறுதியான இருக்கை கிடைப்பதில்லை. உரை அளவையாவதற்கு ஆப்தன், அதாவது நம்பத்தக்க உரையாளன், ஒருவன் இருந்தாக வேண்டும், ஐதிகத்திலோ அவன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பௌத்தம் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. அங்குத்தர நிகாயத்தின் காலாம சூத்திரம், ஏற்றுக்கொள்வதற்குப் போதாத பத்துக் காரணங்களுள் கேள்விப்பட்டதையும் வழிவழி வந்ததையும் ஊரார் சொல்வதையும் முதலில் வைக்கிறது. எதையும் ஐயுறுவதற்கான பட்டயமாக இச்சூத்திரம் இன்று பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அது பாதி வாசிப்பே. கேட்ட சொல் உண்மையா என்பதோடு நில்லாமல், அதன் வழி நடப்பவனிடம் உலோபமும் துவேஷமும் மோகமும் வளர்கின்றனவா என்று வினவும்படியே புத்தர் காலாமர்களிடம் சொல்கிறார். வரவிருக்கும் பொருளைப் பற்றிய பேச்சுக்கு இந்த உரைகல் சித்தாந்தத்தின் உரைகல்லைவிடக் கூர்மையானது. முத்தியங்கணை விகாரையும் சைவக் கோயில்களும் ஒரே நகரில் நிற்கும் இலங்கையின் பதுளையில் இரண்டையும் சேர்த்து எண்ணுவது இயல்பானதே.

பதுளையும் அதைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களும் மிக நீண்ட காலம் எதிர்பார்த்திருந்த தொழில்நுட்பப் பொருள் புகையிரதம். இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்தது 1924 ஏப்ரல் 5ஆம் திகதி. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், என்னென்ன பேசப்பட்டன என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பாதை வந்த பிறகு நிலைத்துவிட்ட ஐதிகங்கள் இரண்டு இன்றும் உண்டு. தெமோதரையில் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்வதற்கான யோசனை, ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைக் கண்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவுக்கு உதித்தது என்பது ஒன்று. 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஒதுக்கிய உருக்கு முதலாம் உலகப் போருக்குத் திருப்பப்பட்டதால் ஊரார் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே அதைக் கட்டி முடித்தனர் என்பது மற்றொன்று. இவற்றின் உண்மையை அளந்து பார்ப்பதைவிட இவை நோக்கியிருக்கும் திசையைக் கவனிப்பது பயன் தரும். பொருள் வந்த பின் பிறக்கும் ஐதிகம், மேலிருந்து இறங்கிய பெரிய இயந்திரத்தின் பிறப்பில் தம்மவர் ஒருவரின் தலைப்பாகையையாவது சேர்த்துவிட முயல்கிறது. பொருள் வருமுன் பிறக்கும் ஐதிகத்துக்கு இந்த உரிமை வேட்கை இல்லை. அது முழுவதும் ஆசையால் ஆனது.

அந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2001ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு நல்ல உதாரணம் தந்தது. டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் ஜிஞ்சர் என்ற மறைபெயரில் எதையோ உருவாக்கிவருகிறார் என்னும் செய்தி அவ்வாண்டு ஜனவரியில் கசிந்தவுடன், அது தரையைத் தொடாமல் மிதக்கும் ஊர்தி என்றும் எரிபொருளின் வரலாற்றையே மாற்றப்போகும் எந்திரம் என்றும் ஊகங்கள் பெருகின. கேலிச் சித்திரக்காரர்களும் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பல மாதம் அதைக் கொண்டே பிழைத்தன. டிசம்பரில் திரை விலகியபோது நின்றது செக்வே என்னும் இருசக்கர நிலைவண்டி. அது கெட்டிக்காரத்தனமான வண்டிதான், ஆனால் அதைப் பற்றிய பேச்சின் உயரத்தை எந்த வண்டியும் எட்டியிருக்க முடியாது. நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்குக் கூறும் இலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பொருளின் இயல்பை நேரே அறிந்திருப்பதும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பத்தால் தூண்டப்படுவதும் ஆப்தனின் இலக்கணம் என்கிறார் அவர். இது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் தயக்கமின்றிச் சேர்க்கிறார். ஆகவே ஒரு வணிக நிறுவனமும் ஆப்தனாக இருக்கத் தடையில்லை. ஆனால் அறிவிப்புக்கு முந்திய வாரங்களில் இந்த இலக்கணம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது: நேரே அறிந்தவர்கள் இரகசிய உடன்படிக்கையால் வாய் மூடியிருக்கிறார்கள், சொல்லும் விருப்பம் உடையவர்களோ எதையும் கண்டதில்லை.

இலங்கையில் இத்தகைய எதிர்பார்ப்பு வானளாவ எழுந்தது 2015இல். அவ்வாண்டு யூலை 28ஆம் திகதி அரசும் கூகுள் நிறுவனமும் லூன் என்னும் திட்டத்துக்காக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. தரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில் மிதக்கும் பலூன்களில் தொடர்புக் கருவிகளைப் பொருத்தி, கோபுரங்கள் எட்டாத இடங்களுக்கு இணைய இணைப்பைக் கீழே அனுப்புவது அத்திட்டம். பதின்மூன்று பலூன்கள் தீவு முழுவதற்கும் போதும் என்றும், சில மாதங்களில் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இணையம் கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் கைப்பேசி ஊமையாகிவிடும் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதிகளுக்கு, மலைக்கு மேலிருந்தே அலை இறங்கும் என்னும் வாக்கு வேறெந்த இடத்தையும்விடப் பொருத்தமானது. 2016 பெப்ரவரியில் முதற் பலூன் இலங்கை வான்பரப்புக்குள் நுழைந்தது. சில நாட்களில் அது கம்பளைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடந்தது. பலூன் விழுந்துவிட்டது என்று ஊர் பேசிற்று, அது திட்டமிட்டபடியே தரையிறங்கியது என்று நிறுவனம் விளக்கிற்று. அதன் பின் அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கல்களில் திட்டம் முடங்கியது. 2021 ஜனவரியில் லூன் திட்டமே உலகளவில் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஏமாந்தவர் யார் என்று கேட்பது எளிது, விடை சொல்வது எளிதன்று. தருக்க நூல்கள் வழுவுள்ள அறிவை ஐயம் என்றும் திரிபு என்றும் பிரிக்கின்றன. கிடப்பது கயிறோ பாம்போ என்று இரண்டுக்குமிடையே மனம் ஊசலாடுவது ஐயம். கயிற்றையே பாம்பென்று உறுதியாகக் கொள்வது திரிபு. வானத்திலிருந்து இணையம் வரும் என்ற செய்தியைக் கேட்டுச் சிரித்து, அச்சிரிப்போடே அதை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அவன் ஊசலாடவில்லை, உறுதி கொள்ளவும் இல்லை. நம்பிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறான். அறிவின் வழுக்களை இவ்வளவு நுட்பமாக வகுத்த மரபு, சிரித்துக்கொண்டே நம்பும் இந்த நிலைக்குத் தனிப்பெயர் இடாதது ஒரு குறையே எனலாம்.

தோட்டங்களில் இந்த நிலை பழகிய ஒன்று. தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் மார்ச் முதலாம் திகதியிலிருந்து கிடைக்கும் என்று 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சம்பள நிர்ணய சபையின் வழியே அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அறிவிப்புக்கும் வருகைக்கும் இடையிலுள்ள தூரத்தை இப்படி உடம்பால் அளந்தவர்கள் அறிவிப்பை மறுப்பதும் இல்லை, அதைக் கொண்டு கடன் அடைக்கத் திட்டமிடுவதும் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர் கூடும் இடத்தில், அத்தகைய செய்தி நகைப்பாகவே உலவ முடியும். விளக்கம் கேட்டு விடை பெறும் அதிகாரம் இல்லாதவன் கேட்டதை நகைப்பாக மாற்றிக்கொள்வது அறியாமை ஆகாது. ஆப்தன் இல்லாத இடத்தில் உரையைக் கையாளும் முறையாக அது முற்றிலும் நியாயமானது.

இம்மனநிலையைச் சமயம் அறிந்திருந்தது என்பதற்கு மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து சான்று. சிவனது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக் கண்ணால் எரிகிறான். இரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன் அவனை மீட்டுத் தருகிறான், ஆனால் அவளுடைய கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான், மற்றெல்லாருக்கும் உருவம் அற்றவனாகவே இருப்பான். ஆசைக்கு உடல் இல்லை என்பதையும், உடல் இல்லாததனாலேயே அதை மறுபடி எரிக்க முடியாது என்பதையும் இதைவிடத் தெளிவாக ஒரு தத்துவ நூல் சொல்லிவிடாது. வெளிவராத பொருளும் உடலற்ற மன்மதன்தான்: விலையோ எடையோ பழுதோ அதற்கு இல்லை, அதை விரும்புகிறவன் கண்ணுக்கு மட்டும் அது முழுமையாகத் தெரிகிறது. இக்கதையைச் சுற்றித் தமிழகத்தில் வளர்ந்த லாவணி என்னும் எதிர்வாதப் பாட்டுமுறை இன்னும் சுவையானது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடிய வாதிடுகின்றன. வாதம் சாத்திரத்திலும் போகிறது, கிண்டலிலும் போகிறது. முடிவு காண்பது எவருடைய நோக்கமும் இல்லை. கம்பளைத் தோட்டத்தில் கிடந்த பலூனுக்கு விழுந்த கட்சி, இறங்கிய கட்சி என இரண்டு கட்சிகள் உண்டானபோது, ஒரு பன்னாட்டு நிறுவனம் தன்னை அறியாமலே லாவணிப் பந்தலில் வந்து அமர்ந்துவிட்டது.

ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில், எதிர்பார்ப்புக்கு இதற்கு நேரெதிரான ஓர் அமைப்பும் உண்டு. கதிர்காமத்தில் மூலத்தானம் திரையால் மறைக்கப்பட்டிருக்கிறது. அடியார் காண்பது திரையில் தீட்டிய முருகன், வள்ளி, தெய்வயானை உருவங்களையே. ஆண்டுத் திருவிழாவில் யானைமீது பவனி வரும் பேழைக்குள் யந்திரம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அதைக் கண்டவர் அடியாருள் இல்லை. மலைத்தோட்டங்களிலிருந்து கால்நடையாகச் செல்வோரும் திரைக்கு முன்னின்று கும்பிட்டுத் திரும்புகிறார்களே தவிர, ஏமாந்ததாகக் கூறுவதில்லை. சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலை ஒன்றாக வைத்து, அதுவும் அருளின் வேலையே என்கிறது. உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்து, வினையை நுகரச் செய்து, அதன் மூலம் முதிர்ச்சியைத் தருவது திரோதான சத்தி எனப்படும். வணிகன் மறைப்பது விலைக்காக, இறைவன் மறைப்பது பக்குவத்துக்காக என்று இவ்விடத்தில் எளிதாக எழுதிவிடலாம். ஆனால் திரைக்குப் பின்னிருப்பவரைப் பற்றிப் பேசும் உரிமை எப்போதும் சிலர் கையிலேயே இருந்து வந்திருக்கிறது என்பதால், சமயத்தை அவ்வளவு எளிதில் வெற்றி பெறச் செய்வது நேர்மையாகாது. உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு ஒன்று உண்டு: கதிர்காமத்தில் திரை விலகும் நாள் குறிக்கப்படவில்லை, அடுத்த ஆண்டு இதைவிட மெல்லிய, இதைவிட விரைவான வேலவன் வருவான் என்று எவரும் கூறுவதும் இல்லை. அங்கே காத்திருப்பு எதற்கும் முன்னோட்டமன்று, அதுவே வழிபாடு.

வானத்திலிருந்து வரும் இணையம் இறுதியில் வந்தே விட்டது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2024 ஓகஸ்டில் உரிமம் வழங்கப்பட்டு, 2025 யூலை 2ஆம் திகதி சேவை தொடங்கியது. பலூன்களுக்குப் பதில் தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இம்முறையும் கேட்கப்பட்டது நாடு முழுவதற்கும் என்னும் அதே சொல்லே, அதில் பொய்யும் இல்லை. மடுல்சீமை மலைமீதும் அலை இறங்குகிறது. கருவியின் விலையும் மாதக் கட்டணமும் நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாதவை என்பதுதான் அச்சொல்லுக்குள் அடங்காதிருந்தது. நிலப்பரப்பைக் குறித்துச் சொல்லப்பட்டதை வீடுகளைக் குறித்துச் சொல்லப்பட்டதாகக் கேட்டவனிடம் திரிபு இருக்கிறது என்று தருக்கம் தீர்ப்பளிக்கும். அப்படிக் கேட்கும்படியே சொன்னவனிடம் என்ன இருக்கிறது என்பதற்கு, அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும் என்ற வாத்ஸ்யாயனரின் ஒரு தொடரைத் தவிர, தருக்க மரபில் விரிவான விசாரணையைக் காண்பது அரிது.