சொந்த ஊர் ஆசிரியர்கள்

கனடாவின் வடக்கு சஸ்காச்சுவானில் கிரீ, டெனே, மேட்டீ மக்களின் ஊர்கள் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. சில ஊர்களை விமானத்தில்தான் எட்ட முடியும். தெற்கிலிருந்து அங்கு வந்த ஆசிரியர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள். பழகிய முகம் மறைந்ததும் குழந்தைகள் புதியவரோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இதை மாற்ற 1970களின் பிற்பகுதியில் லா ரோஞ்ச் என்ற சிற்றூரில் 'நார்டெப்' என்னும் ஆசிரியர் பயிற்சித் திட்டம் உருவானது. வடக்கில் வாழ்ந்தவர்களுக்குப் பயிற்சிக் கட்டணமும் புத்தகச் செலவும் வாழ்க்கைப்படியும் கிடைத்தன. இந்த வாழ்க்கைப்படிதான் முக்கியம். கைக்குழந்தையோடு படிக்க வந்த தாய்மார்களுக்கு, கட்டணச் சலுகை மட்டும் இருந்திருந்தால் வீட்டு வாடகைக்கே வழியிருந்திருக்காது. லா ரோஞ்சில் பாடம் படிப்பதும், வடக்கின் பள்ளிகளில் கற்பித்துப் பழகுவதும் பயிற்சியில் இணைந்தே நடந்தன. கிரீ, டெனே மொழிகளுக்கும் அதில் இடமிருந்தது. முடித்தவர்களுக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தின் முழுமையான கல்வியியல் பட்டம்; தகுதியில் எந்தக் குறைப்பும் இல்லை.

பட்டதாரிகளில் மிகப் பெரும்பாலோர் வடக்கிலேயே தங்கினர். வீட்டில் டெனே பேசும் ஒரு குழந்தை வகுப்பில் தயங்கி நின்றால், அதே மொழியில் விளக்கவும், மாலையில் அதன் பாட்டியோடு பேசவும் அவர்களால் முடிந்தது. சிலர் தலைமையாசிரியர்களாகவும் உயர்ந்தனர். ஆனாலும் மாநில அரசு தனி நிதியை நிறுத்தியதால் 2017இல் நார்டெப் மூடப்பட்டது. உள்ளூர் எதிர்ப்பு கடுமையாக இருந்தும் முடிவு மாறவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பு நார்த்லேண்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றது.