நாயும் உடன் சென்றது

தோபித்து நூலை வாசிப்போரில் பலர் அதில் வரும் நாயைக் கவனியாமலே கடந்து போவதுண்டு. தந்தை தோபித்து பார்வை இழந்து, வறுமையுற்று, சாவை எதிர்நோக்கியிருக்கிறார். மேதியா நாட்டில் முன்னொரு நாள் ஒப்படைத்து வைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வானதூதர் இரபேல் தம்மை இன்னாரென்று காட்டாமல் வழித்துணையாகச் செல்கிறார். தாய் அழுகிறாள். அவர்கள் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றது என்கிறது நூல். திரும்பும்போதும் அது பின்னால் வந்தது என்கிறது. இடையில் அந்த நாய் எதுவும் செய்வதில்லை. மீனைப் பிடிக்கவில்லை, பேயை விரட்டவில்லை, கண்ணுக்கு மருந்தும் கொணரவில்லை. போயிற்று, வந்தது, அவ்வளவே.

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாங்களும் குடும்பமாக ஒரு நாயோடு பயணம் போனோம். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு, இரண்டு நாள். அதைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுவதற்குக் காரணம் அப்பயணத்தில் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்பதன்று. ஒன்றுமே நேரவில்லை என்பதுதான்.

அந்நாள்களைச் சற்று நினைவுகூர வேண்டும். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது நம் மாவட்டம் ஓரளவு தப்பியே இருந்தது. ஏப்ரல் பிற்பகுதி வரை இங்கே ஒருவருக்கும் தொற்று பதிவாகவில்லை. அதை நம் ஊர்த் தண்ணீரின் சிறப்பென்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. (அதே தண்ணீரின் புளூரைடு நம் பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கியதை அன்று எவரும் நினைவுகூரவில்லை.) ஆனால் நெடுஞ்சாலையில் வேறு காட்சி. பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்றிருந்தோர் துணி மூட்டையும் கைக்குழந்தையுமாக ஓசூர் வழியே நடந்து வந்துகொண்டிருந்தனர். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் போன்ற காரணங்களுக்கே அது கிடைத்தது. ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தோர் அனைவருக்கும் கிடைத்தது. செப்டம்பர் பிறந்ததும் மாநிலத்துக்குள் அந்தச் சீட்டே வேண்டியதில்லை என்றாயிற்று. அடுத்த ஜனவரி 16-இல் தடுப்பூசியும் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினோம். நம்ப விரும்பினோம் என்பதே சரி.

நாங்கள் ஏன் போனோம்? அண்டை வீட்டார் கேட்டபோது, "நாய்க்காகத்தான், ஓராண்டாக அடைந்தே கிடக்கிறது, பாவம்" என்று சொன்னோம். இதைவிடப் பெரிய பொய்யை அவ்வாண்டில் நாங்கள் சொன்னதாக நினைவில்லை. எங்கள் மணி நாட்டு நாய். கொல்லையில் அதற்கு ஓடுவதற்கு இடமும், படுப்பதற்கு வேப்பமர நிழலும் இருந்தன. அதன் வாழ்நாளிலேயே சிறந்த ஆண்டு அந்த ஊரடங்கு ஆண்டுதான்; ஏனெனில் வீட்டார் அனைவரும் நாள் முழுதும் வீட்டில் இருந்தோம். அடைந்து கிடந்தவர்கள் நாங்கள். நகரத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நல்ல உணவகத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும், நோய் என்ற சொல்லை இரண்டு நாள் கேளாமலிருக்க வேண்டும் என்ற ஆசை எங்களுடையது. அந்த ஆசையில் தவறில்லை. அதை எங்கள் பெயரில் சொல்லத் துணியாமல் வாயில்லாப் பிராணியின் பெயரில் சொன்னோமே, அங்கேதான் முதல் இடறல். தன் விருப்பத்தை ஒருவன் ஏன் பிறருடைய தேவையாக மாற்றிச் சொல்கிறான்? தன் காதுக்கே அது சரியாக ஒலிக்காதபோதுதான்.

நாய்களை அனுமதிக்கும் விடுதி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மறுநாள் காலை கப்பன் பூங்காவில் மணியைச் சங்கிலியில் பிடித்து நடத்தினோம். மூங்கில் புதர்களையும், விலையுயர்ந்த அயல்நாட்டு நாய்களையும், அவற்றின் எசமானர்களையும் அது ஒரே மதிப்போடு முகர்ந்து பார்த்தது. முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கியிருந்தன. எங்களுடையவையும் அப்படியே.

விடுதிக்குத் திரும்பியபோது அறையைத் துப்புரவு செய்ய ஒரு பெண் வந்திருந்தார். மூக்கும் வாயும் மறைய இறுகக் கட்டிய துணி. எங்கள் பேச்சைக் கேட்டதும் கையிலிருந்த துடைப்பத்தை நிறுத்தினார்.

"தருமபுரிங்களா? நான் பென்னாகரம் பக்கங்க. ஊர்ல மழை பேஞ்சுதுங்களா?"

இல்லை என்றோம். ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தோம்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. அம்மாவுக்கு இழுப்பு இருக்குது. நான் நாலு ஊர் ஆளுங்க தங்கற எடத்துல வேலை செய்யறவ. இங்கருந்து எதையாவது கொண்டுபோய்க் குடுத்துட்டா என்ன பண்றதுங்க? போன்லயே பேசிக்கறேன்."

சொல்லிவிட்டு மணியின் அருகே குந்தினார். கடிக்குமா, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். "நம்ம பக்கத்து நாய் மாதிரியே இருக்குதுங்க" என்று அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அந்தப் பேச்சு முழுவதும் எங்கள் முகக்கவசம் தாடையிலேயே இருந்தது. சன்னலும் மூடியிருந்தது.

நாங்கள் ஊர் திரும்பினோம். காய்ச்சல் எவருக்கும் வரவில்லை. ஆனால் ஏப்ரல் 27 அன்று கர்நாடகம் முழுதும் அடைக்கப்பட்டது. மே 10 அன்று தமிழகமும் அடைபட்டது. மருத்துவமனைகளில் உயிர்வளிக்கு மக்கள் தவித்த நாள்கள் அவை. நாங்கள் நலமாயிருந்தோம். அந்த நலத்தை எங்கள் நடத்தைக்கு ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

தொப்பூர்க் கணவாயை அறியாதவர் நம்மில் இலர். பிரேக்கில் காலே வைக்காமல் அந்தச் சரிவில் இறங்கும் ஒரு லாரி, எதன்மீதும் மோதாமல் சேலம் போய்ச் சேர்ந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டியவன் செய்தது சரியென்று சொல்வோமா? இன்னொருவன் அவ்வாறே இறங்கி ஐந்து பேரைக் கொன்றால் அவனைச் சிறையில் வைப்போம். இருவரும் செய்தது ஒன்றே. எதிரே வண்டி வந்ததும் வராததுமே வேறுபாடு. சட்டம் விளைவைப் பார்த்துத் தண்டிக்கலாம், அதற்கு வேறு வழியில்லை. மனச்சான்று அப்படிக் கணக்கிட முடியாது. அந்நோயோ, காய்ச்சல் தோன்றும் முன்பே மற்றவருக்குத் தொற்றக்கூடியது. அன்று அந்த அறையில் நாங்கள் எதைக் கொண்டுபோனோம், கொண்டுபோகவில்லை என்பது எங்களுக்கே தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. எல்லாரும் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை என்னவாகியிருக்கும்? விருந்தினர் வந்தால்தான் அவருக்குச் சம்பளம். 2020-இல் விடுதிகள் மூடிக் கிடந்தபோது அவரைப் போன்றோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோரும், மீன் வறுத்து விற்போரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் பயணிகள் வராத மாதங்களில் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. ஊர் சுற்றுகிறவனின் பணம் ஏழையின் உலையில் அரிசியாகிறது என்பது உண்மை. ஆகையால் "போகாதிருந்திருக்க வேண்டும்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட நாம் முன்வரவில்லை.

ஆனால் இந்த மறுப்பு எதை நியாயப்படுத்துகிறது? போனதை. மூடிய சன்னலையும் தாடைக்கு இறங்கிய முகக்கவசத்தையும் அது நியாயப்படுத்தவில்லையே! அவர் உள்ளே வந்ததும் நாங்கள் சற்று நேரம் வெளித் தாழ்வாரத்தில் நின்றிருக்கலாம். நாயின் முடியை நாங்களே கூட்டி எடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? அறியாமையன்று, ஓராண்டாக இவற்றையெல்லாம் வீட்டில் ஒழுங்காகச் செய்தவர்களே நாங்கள். நோயை மறப்பதற்காகத்தான் போனோம், எனவே மறந்தோம். அந்த அறையில் நோயை நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. எங்கள் பங்குக்கும் சேர்த்து அவரே நினைவில் வைத்திருந்தார். ஓராண்டாகத் தாயின் முகத்தைப் பாராமல் அதற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அன்பினால் போகாதிருந்த அதே சாலையில்தான் நாங்கள் பொழுதுபோக்காக வந்திருந்தோம்.

நாயின்மேல் பழி ஏதுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 தொடக்கத்தில் ஆங்காங்கில் ஒரு முதிய பொமரேனியன் நாய்க்குத் தொற்று காணப்பட்ட செய்தி வந்ததும், உலகெங்கும் நாய்களைக் கண்டு மக்கள் அஞ்சினர். பின்னர் தெளிவானது இதுதான்: மனிதரிடமிருந்து நாய்க்குச் சில வேளைகளில் தொற்றியது, நாய் மனிதருக்குப் பரப்பியதாகச் சொல்ல வலுவான சான்றில்லை. 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவில் ஒரு பெண் சிங்கம் இந்நோயால் இறந்ததே, அது எந்த ஊருக்கும் பயணம் போகவில்லை.

கொள்ளைநோய்க் காலத்துப் பயணி என்றால் திருச்சபையின் நினைவுக்கு வருபவர் புனித ரோக்கு. செபஸ்தியாரை அறிந்த அளவுக்கு நம்மவர் இவரை அறியார். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சின் மொம்பெலியே நகரில் பிறந்து, உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உரோமைக்குத் திருப்பயணம் புறப்பட்டவர். வழியிலுள்ள இத்தாலிய நகரங்களில் கொள்ளைநோய் கண்டோருக்குப் பணிவிடை செய்தவர் என்பது மரபு. பியாசென்சா நகரில் அவருக்கே நோய் கண்டபோது என்ன செய்தார்? ஊரைவிட்டு வெளியேறிக் காட்டுக்குள் போய்த் தனியே கிடந்தார். அங்கே ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்கிறார்கள். ஆகவேதான் அவர் சுரூபத்தின் காலடியில் அப்பம் கவ்விய நாய் நிற்கிறது. அவர் திருநாள் ஆகஸ்டு 16. எல்லாருக்கும் இ-பாஸ் என்ற ஏற்பாடு நடப்புக்கு வந்த நாளுக்கு முந்திய நாள். தற்செயல்தான். ஆயினும் நோயாளியை நோக்கி நகருக்குள் சென்று, தாம் நோயாளியானதும் நகரைவிட்டு விலகிய அவருடைய வழியை எங்கள் வழியோடு ஒப்பிட்டுப் பார்க்காமலிருக்க முடியவில்லை.

சீட்டு என்பதும் புதிதன்று. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, அக்காலச் சென்னை மாகாணத்தார் நோய் கண்ட பகுதியிலிருந்து வருவோருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துக் கண்காணித்தனர். சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நம் தருமபுரியும் அம்மாகாணத்தின் பகுதியே. அச்சீட்டானாலும் இ-பாஸ் ஆனாலும், ஒருவன் போகலாமா என்பதை மட்டுமே அரசு அதில் எழுத முடியும். போன இடத்தில் அவன் யார் முகத்துக்கு நேரே மூச்சு விடலாம் என்பதை எந்தத் தாசில்தார் எழுதித் தருவார்?

நம் மாவட்டத்தின் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்ட கல் அது. அவனோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்து, காவல் நின்றது என்ற குறிப்போடு அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். மன்னனின் கீழிருந்த சிற்றூர் மக்கள், தங்களுக்காகக் காத்து நின்ற ஒரு நாயின் பெயரைக்கூட மறந்துவிடக் கூடாதென்று கல்லில் எழுதினார்கள். தோபியாவின் நாய்க்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

அக்கல்லைப் பற்றிப் படித்த நாளில்தான் பெங்களூர் விடுதியின் அந்தக் காலைப்பொழுது மீண்டும் எங்கள் நினைவில் எழுந்தது. அந்தப் பெண்ணின் ஊர் தெரியும், தாயின் நோய் தெரியும், ஓராண்டுக் காத்திருப்பும் தெரியும். எங்கள் நாயின் பெயரை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை.